இருபது யுவான் நோட்டின் பின்பக்கம்

கிளம்பும்போது ஹார்பினில் மைனஸ் இருபத்தாறு.
தெற்கேதானே போகிறோம் என்று
கனத்த கோட்டை விமான நிலையத்திலேயே கழற்றி
மகள் கையில் கொடுத்துவிட்டார் இவர்.
"அங்கே ஏழு டிகிரி. வசந்தம்."

குய்லினில் ஏழு டிகிரிதான்.
தெருவில் ஏழு.
அறைக்குள் ஏழு.
போர்வைக்கு அடியில், சத்தியமாக, ஆறு.

சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.
முப்பத்தோரு வருடம் கொதிகலன் நிலையத்தில் வேலை,
ஒரு பேட்டை முழுவதற்கும்
வெந்நீர் அனுப்பிய மனிதர்.
குழாய் ஓடாத சுவர் அவருக்கு
நாடி இல்லாத கை.
"எப்படி இருக்கிறார்கள் இதில்?" என்று என்னைக் கேட்டார்,
ஏதோ நான் கட்டிய வீடுபோல.

விடுதிக்காரி நோங் யுவேமெய்
மூக்கு சிவக்கச் சிரித்தாள்.
"உங்கள் ஊர்க் குளிர் கடித்துவிட்டுப் போய்விடும்.
எங்களுடையது
பெட்டி படுக்கையோடு குடிவரும்."

காலையில் ஆறு வற்றிக் கிடந்தது.
பெரிய படகுகள் பாதி வழியோடு சரி.
மூங்கில் தெப்பம் என்று சீட்டில் இருந்தது.
போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் குழாய்கள்,
கணுக்கூட வரைந்து பச்சை பூசியவை.
"இதோ, குழாய் எல்லாம் இங்கே இருக்கிறது" என்றேன்.
இவர் சிரிக்கவில்லை.

சிங்பிங் திருப்பத்தில்
தெப்பக்காரர் மோ இயந்திரத்தை நிறுத்திவிட்டு
இருபது யுவான் நோட்டை எடுக்கச் சொன்னார்.
எல்லாரும் பிடிப்பதுபோல
மலைகளுக்கு நேரே பிடித்தோம்.
மலைகள் நோட்டில் இருந்தன.
எதிரே மூட்டம்.
மூட்டத்துக்குள் ஒரு நாய்,
கல்லில் துணி அடிக்கும் சத்தம்,
யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது.
"அங்கேதான் இருக்கின்றன" என்றார் மோ,
கடன்காரனுக்காகச் சாட்சி சொல்பவர் குரலில்.

கரையில் ஒரு கழியில் இரண்டு நீர்க்காகங்கள்.
மீன் பிடித்து வருடக்கணக்காகிறதாம்;
படத்துக்குப் பத்து யுவான்.
ஒன்று இவருடைய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது.
எங்களைவிட அதற்குக்
காத்திருக்கத் தெரிந்திருந்தது.

பிறகு மூட்டம் கொஞ்சம் கிழிந்து
சரிவெல்லாம் வெள்ளை.
"பனி!" என்று கத்திவிட்டேன்,
பனியிலிருந்து தப்பி மூவாயிரம் கிலோமீட்டர் வந்தவள்.
"பிளாஸ்டிக் தாள்" என்றார் மோ.
"உறைபனி பட்டால் பழம் வெடித்துவிடும்.
ஆரஞ்சு மரங்களுக்குக் கோட்டு போட்டிருக்கிறோம்."

இவர் அந்த மலையை வெகுநேரம் பார்த்தார்.
"ஆரஞ்சுக்குக்கூட இருக்கிறது" என்றார்.
அப்போதுதான் சிரித்தோம்.
தெப்பம் ஆடுகிற அளவுக்கு.

இரவு, நோங் எங்களைத் தன் வீட்டு மேசைக்கு இழுத்துவிட்டாள்.
மேசைக்கு அடியில் கரிச்சட்டி,
மேலே நான்கு பக்கமும் தொங்கும் மெத்தை விரிப்பு.
அவள் மாமனார், கணக்குப் போடும் மகன்,
யாருடையது என்று தெரியாத ஒரு பூனை.
இருட்டுக்குள் எல்லார் கால்களும்
முன்பே அறிமுகமானவைபோல் ஒட்டிக்கொண்டன.
மேலே மட்டும் மரியாதை பேசிக்கொண்டிருந்தோம்.

இவர் சும்மா இருப்பாரா?
விரிப்புக்குள் தலையை விட்டார்.
சாம்பல் தட்டும் சத்தம்,
ஒரு இருமல்,
கணுக்காலில் மெல்ல ஏறும் சூடு.
வெளியே வந்தபோது புருவத்தில் கரி.
வந்த நாள்முதல் அந்த முகம்
சுற்றுலாப் பயணியின் முகமாக இருந்தது;
அப்போதுதான் எனக்குத் தெரிந்த முகம் ஆனது.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில்
மூன்று கிலோ ஆரஞ்சு.
அதே நோட்டை நீட்டினேன்.
பழக்காரி நம்பவில்லை.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கி
ஒற்றைக் கண்ணால் சோதித்தாள்.
நோட்டுக்குப் பின்னால்
மூட்டமே இல்லாமல் நின்றன,
ஒன்று, இரண்டு, ஐந்து,
எல்லா மலைகளும்.

அவள் தலையசைத்து நோட்டை மடித்துக்கொண்டாள்.
இவர் பையில் பழங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
கூப்பிட வாயெடுத்தேன்.
பேருந்து வந்துவிட்டது.